பாலத்து நடுவில் ஒரு மேசை

ஆற்றின் கனடாக் கரையில் இருக்கும் எங்கள் சேன்ட் ஒனோரின் நகர மன்றத்தில் அல்பேனி திபோதோவுக்கு என்ன வேலை என்று கேட்டால் யாராலும் சட்டென்று பதில் சொல்லிவிட முடியாது. பனி வாருவார். பல்பு மாற்றுவார். கழிப்பறைக் குழாய் ஒழுகினால் குனிந்து பார்ப்பார். ஆனால் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் நட்புறவு, நட்புறவு என்று மேடைக்கு மேடை சொல்கிறார்களே, அதைத் தோளில் தூக்கிச் சுமந்த மனிதர் இந்த ஊரில் அவர் ஒருவர்தான். பேச்சுக்காகச் சொல்லவில்லை. நட்புறவு என்பது ஒரு மடக்கு மேசை. கனத்த மேசை. அதன் கீல் ஒன்று துருப்பிடித்து, விரல் மாட்டினால் நசுக்கிவிடும்.

ஐந்து வருடத்துக்கு ஒரு முறை தலைநகரங்களிலிருந்து யாராவது பெரிய மனிதர்கள் வந்து இரு நாட்டுக்கும் நடுவே ஓடும் ஆற்றுப் பாலத்தின் நடுவில் எதிரெதிராக உட்கார்ந்து கையெழுத்துப் போடுவார்கள். ஒருவர் மற்றவர் நாட்டுக்குள் போய் உட்காரலாமே என்றால் அதெப்படி முடியும்? போனால் சோதனைச் சாவடியில் நின்று முத்திரை வாங்க வேண்டும். அமைச்சர் வரிசையில் நிற்பதா? அதனால் மேசை, பாதி இங்கே பாதி அங்கே என்று, பாலத்தில் அடித்திருக்கும் மஞ்சள் கோட்டின் மேல் நிற்க வேண்டும். அவரவர் நாற்காலி அவரவர் நாட்டில். மேசை விரிப்பும் இரண்டு துண்டு. எங்கள் பாதிக்கு எங்கள் துணி, அவர்கள் பாதிக்கு அவர்கள் துணி. கோட்டுக்கு மேலே இரண்டும் ஒட்டி நிற்குமே தவிர ஒன்றின் மேல் ஒன்று ஏறக் கூடாது.

இத்தனை ஜாக்கிரதையும் மனிதர்களுக்குத்தான். பாலத்துக்கு அடியில் ஒரு தடித்த குழாய் ஓடுகிறது. எங்கள் கரை ஆலையில் மரத்தை வேகவைத்துக் கூழாக்கி அந்தக் குழாயில் விடுவார்கள். அக்கரையில், அமெரிக்காவின் டிக்கி மில்ஸ் ஊர் ஆலையில் அது காகிதமாகும். ராத்திரி பகலாக மரக்கூழ் எல்லையைத் தாண்டிக்கொண்டிருக்கிறது. அதை யாரும் நிறுத்தி, எங்கே போகிறாய், எத்தனை நாள் தங்குவாய், பையில் என்ன என்று கேட்டதில்லை. கூழுக்கு இருக்கும் மரியாதை அதைக் காய்ச்சுகிறவனுக்குக் கிடையாது.

அல்பேனிக்கு இருந்த வயிற்றெரிச்சல் இதுதான். அவருடைய அக்கா ஒசீத் அக்கரையில், டிக்கி மில்ஸில், ஆற்றை ஒட்டிய வீட்டில் இருந்தாள். கட்டிக்கொடுத்த இடம். இவர் தன் வீட்டுக் கொல்லையில் நின்றால் அவள் துணி காயப்போடுவது தெரியும். அவ்வளவு கிட்டம். ஆனால் ஐந்து வருடமாக இவர் அவள் வீட்டு வாசல்படி மிதிக்கவில்லை. அவளும் இங்கே வரவில்லை.

அவள் வராத கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர்கள் அம்மாவுக்குத் தலைப்பிரசவம், ஒசீத் பிறந்தது, அக்கரையில், பாட்டி வீட்டில். குழந்தைக்கு ஞானஸ்நானம் இக்கரையில், அப்பாவின் கோவிலில். அந்தக் காலத்தில் இது ஒரு விஷயமே இல்லை, ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ஆற்றைத் தாண்டுவது தெருவைத் தாண்டுவது போல. பிறகு ஒரு நாள் பாலத்தைத் தாண்டப் பாஸ்போர்ட் வேண்டும் என்றார்கள். அவள் போய்க் கேட்டாள். ஞானஸ்நானப் பதிவு கனடாவில்தானே இருக்கிறது, அங்கே போய்க் கேள் என்றது அமெரிக்கா. பிறந்தது அங்கேதானே, அங்கே போய்க் கேள் என்றது கனடா. இரு நாடுகளும் மனமொத்து ஒத்துழைத்த காரியம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். இருந்த ஊரில் இருந்துகொள்ள அவளுக்குப் பழைய காகிதங்கள் போதும். ஆற்றைத் தாண்டத்தான் போதாது.

அல்பேனி போகாத கதை இன்னும் அழகு. ஐந்து வருடத்துக்கு முந்தைய கையெழுத்து விழாவில் நல்ல காற்று. அமெரிக்கக் கொடி நட்டிருந்த கம்பம் சாயப் பார்த்தது. அவர்கள் பக்கத்து ஆட்கள் எல்லாரும் புகைப்படத்துக்கு வாயெல்லாம் பல்லாக நின்றுகொண்டிருந்தார்கள். அல்பேனி ஒரே எட்டில் கோட்டைத் தாண்டிப் போய், கொடி தரையில் படாமல் பிடித்து நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தார். எல்லாரும் கைதட்டினார்கள். அடுத்த ஞாயிறு அக்கா வீட்டுக்குப் போனபோது சாவடியில் கம்ப்யூட்டர் சொன்னது: இந்த ஆள் அனுமதியில்லாமல் நாட்டுக்குள் நுழைந்தவர். எழுதி வைத்தவன் சாவடிக் காவலன் டாரில். அவனும் டிக்கி மில்ஸ் பையன்தான், சின்ன வயதில் ஒசீத்தின் ஆப்பிள் மரத்தில் ஏறித் திருடித் தின்று வளர்ந்தவன். “நான் பார்த்தேன், எழுதினேன். எழுதலேன்னா என் வேலை போயிரும், பெரியவரே” என்றான். மனுப் போட்டார். மனு கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. அந்தத் தேசத்தின் கொடியைக் கீழே விழாமல் காப்பாற்றியதற்கு அந்தத் தேசம் கொடுத்த பரிசு இது.

அன்றிலிருந்து அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு கரையில் நின்று, கையில் போனை வைத்துக்கொண்டு, பேசியபடியே கையாட்டிக்கொள்வார்கள். ஆலை இரைச்சலில் கத்தினால் கேட்காது.

அந்த வருடக் கோடையில் ஒசீத் போனில் சொன்னாள். “டாக்டர் என் நெஞ்சுல ஏதோ ஓட்டைங்கிறான். தனியா இருக்கக் கூடாதாம். தூரத்துல கனெக்டிகட்டுல இருக்கிற தன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு மகன் ஒத்தக் கால்ல நிக்கிறான். பனி விழறதுக்குள்ள கிளம்பணும்டா.”

அக்கரையில் அவள் கை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. போனால் திரும்பி வரமாட்டாள் என்று இருவருக்கும் தெரியும். இந்தக் கரையில் நின்று பார்க்கும் பார்வையும் அதோடு முடிந்தது.

“போறதுக்கு முந்தி உன்னை ஒரு தடவை கிட்டத்துல பார்க்கணும். உன் மூஞ்சி எப்படி இருக்கும்னே மறந்து போச்சு” என்றாள்.

“மறந்ததே நல்லது. இப்ப இன்னும் மோசம்” என்றார் அல்பேனி.

அடுத்த விழா அக்டோபரில் வந்தது. பத்து வருடத்துக்கான பொருளாதார ஒத்துழைப்பு ஒப்பந்தமாம். கூழுக்கு, மின்சாரத்துக்கு, உருளைக்கிழங்குக்கு என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். டிக்கி மில்ஸ் கோவில் மாதர் சங்கம்தான் எப்போதும் அமெரிக்கப் பாதிக்கு விரிப்பும் பூவும் கொண்டுவரும். இந்த முறை ஒசீத் முண்டியடித்துக்கொண்டு அந்த வேலையை வாங்கிவிட்டாள். மேசைக்குக் காவலும் அதில் சேர்ந்தது. முன்பொரு முறை ஆளில்லாத மேசையில் கடற்பறவை ஒன்று ஒப்பந்தத்தின் மேலேயே எச்சமிட்டுவிட்டுப் போயிருந்தது. அதிலிருந்து பக்கத்துக்கு ஓர் ஆள் நின்று மேசையைக் காக்க வேண்டும் என்று விதி. எங்கள் பக்கத்துக்கு அல்பேனி.

ஆனால் அது சில நிமிட வேலை. விரிப்பை விரித்ததும் பெரிய மனிதர்கள் வந்துவிடுவார்கள், காவல்காரர்கள் நகர்ந்துவிட வேண்டும். முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசுவதற்குள் முடிந்துவிடும்.

இங்கேதான் எங்கள் பள்ளத்தாக்கின் மரியாதை கை கொடுத்தது. எங்கள் கரைக் கடிகாரம் அக்கரையைவிட ஒரு மணி முன்னால் ஓடும். ஆகவே இங்கே யாரையாவது அழைத்தால், உங்கள் மணிக்கே வைத்துக்கொள்வோம் என்று சொல்வதுதான் பண்பு. எதிராளியும் பண்பானவர் என்றால் இல்லை, உங்கள் மணிக்கே என்பார். இது கொஞ்ச நேரம் நடக்கும்.

எங்கள் மேயர் ரெனால்ட் அக்கரை மேயர் வெர்னலோடு போனில் பேசியபோது அல்பேனி அதே அறையில் ஏணிமேல் நின்று பல்பு மாற்றிக்கொண்டிருந்தார். “மத்தியானம் பன்னெண்டுதானே, வெர்னல்? சரி, உங்க பன்னெண்டு… அட, சொன்னா கேளுங்க, உங்க மணிதான்… எங்களுக்கென்ன சிரமம்… சரி சரி, அதான் முடிவாச்சே!” போனை வைத்துவிட்டு ரெனால்ட் கையைத் தேய்த்துக்கொண்டார். “விட்டுக் கொடுத்துட்டேன் அல்பேனி. நமக்கு ஒரு மணி. அழைப்பிதழ்ல அப்படியே போட்டுரச் சொல்லு.”

அன்று சாயங்காலம் ஒசீத் கூப்பிட்டாள். “எங்க மேயர் வெர்னலுக்குப் பெருமை தாங்கலடா. நீங்க சொன்ன பன்னெண்டுக்கே வர்றோம்னு ஒத்துக்கிட்டாராம். எங்க மணிக்குப் பதினொண்ணு. அழைப்பிதழ் அச்சுக்குப் போயாச்சு.”

அல்பேனி விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

“அக்கா, எங்காளும் விட்டுக் கொடுத்துட்டார்” என்றார் அல்பேனி.

“அய்யய்யோ.”

“எங்களுக்கு ஒரு மணின்னு போட்டாச்சு. உங்காளுங்க எங்க பன்னெண்டுக்கே வந்து நிப்பாங்க. நடுவுல முழுசா ஒரு மணி நேரம் மேசை மட்டும்தான் இருக்கும்.”

“மேசையும் காவலுக்கு ரெண்டு கிழடும்” என்றாள் ஒசீத். “சொல்லிரலாமா?”

“யார் கிட்ட?”

“அதானே. நம்மள யாரு கேட்டா?” அவள் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. “டேய், நான் மாவு கரைச்சு ப்ளோய் சுட்டுக் கொண்டாரேன். நீ வெண்ணெயும் பன்னிக்கறி விழுதும் எடுத்துட்டு வா. அங்க கிடைக்கிற விழுதை நாய் மோந்து பார்க்காது.”

விழா நாளில் அல்பேனி காலையிலேயே மேசையைத் தூக்கிக்கொண்டு பாலத்துக்குப் போய்விட்டார். “ஏன்யா இவ்வளவு சீக்கிரம்?” என்றார் ரெனால்ட். “காத்தடிக்குது. மேசை அசையாம உக்காரட்டும்” என்றார் அல்பேனி. ரெனால்ட் அதற்கு மேல் கேட்கவில்லை. நகர மன்றத்தில் அமைச்சருக்கு விருந்து, வரிசை வரிசையாக நாற்காலி, அதற்கு நடுவே பேச்சு. அவருக்கு மூச்சுவிட நேரமில்லை.

எங்கள் பன்னிரண்டுக்கு அக்கரையிலிருந்து கறுப்புக் கார்கள் வந்து பாலத்து முனையில் நின்றன. ஒசீத் விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு, கூடையோடு, ஒவ்வொரு விளக்குக் கம்பத்திலும் நின்று நின்று நடந்து வந்தாள். இவ்வளவு இளைத்திருப்பாள் என்று அல்பேனி நினைக்கவில்லை. ஆற்றுக்கு இந்தப் பக்கமிருந்து பார்க்கும்போது கை மட்டும்தானே தெரியும்.

வாஷிங்டனிலிருந்து வந்த பெரிய மனிதர் காரிலிருந்து இறங்கி, இரண்டு அடி வைத்து, எதிர்ப்பக்கம் ஒரு மேசையும் ஒரு கிழவரும் நிற்பதைப் பார்த்தார். உதவியாளர் ஒருவன் பதறி ஓடிவந்து காதில் ஏதோ சொன்னான். மேயர் வெர்னல் போனில் ரெனால்டைப் பிடித்தார். அமைச்சர் சூப்பில் இருக்கிறார், அதற்குப் பின்னால் வரவேற்புரை இருக்கிறது, இப்போது எழுப்ப முடியாது என்று பதில் வந்தது. ஒரு நாட்டின் பெரிய மனிதர் இன்னொரு நாட்டின் அமைச்சருக்காகப் பாலத்தில் காத்திருக்கக் கூடாது. காத்திருப்பதாகப் படத்தில் விழவும் கூடாது. எல்லாரும் திரும்பிப் போய்க் காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டார்கள். உள்ளே இருந்தால் அது காத்திருத்தல் ஆகாதாம்.

மேசை மட்டும் காற்றில் நின்றது. ஒசீத் தன் பாதியில் விரிப்பை விரித்தாள். அல்பேனி தன் பாதியில் விரித்தார்.

“உக்காருடா.”

“இது அமைச்சர் நாற்காலி, அக்கா.”

“அமைச்சர் சூப்புல இருக்கார். உக்காரு.”

உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“சொன்னது நெசம்தான். ரொம்ப மோசமாத்தான் போயிட்ட” என்றாள் ஒசீத். “பல்லெல்லாம் எங்கடா?”

“பல் டாக்டர் கிட்ட விட்டுட்டேன். நீ மட்டும் என்ன, காக்கா கொத்திப் போட்ட ஆப்பிள் மாதிரி இருக்க.”

அவள் கூடையைத் திறந்தாள். துணிக்குள் சூடு ஆறாமல் ப்ளோய் அடுக்கியிருந்தது. தோசை போல ஒரு பக்கம் மட்டும் வெந்து, மறுபக்கம் ஓட்டை ஓட்டையாக, மஞ்சளாக. அல்பேனி சட்டைக்குள்ளிருந்து வெண்ணெய்க் கிண்ணத்தையும் விழுது டப்பாவையும் எடுத்தார். டப்பாவை அவள் பக்கம் நகர்த்தப் போனார்.

“பெரியவரே, அது தாண்டக் கூடாது” என்று ஒரு குரல். கோட்டுக்கு அந்தப் பக்கம் டாரில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

“எது தாண்டக் கூடாது?”

“பன்னிக்கறி. பச்சையோ வெந்ததோ, அனுமதியில்லாம நாட்டுக்குள்ள வரக் கூடாது.”

ஒசீத் திரும்பினாள். “டேய் டாரில். என் ஆப்பிளைத் திருடித் தின்னியே, அதுக்கு எந்த நாட்டு அனுமதி வாங்கின?”

“அது வேற, அம்மா. இது சட்டம்.”

“கை தாண்டலாமா?” என்றார் அல்பேனி.

டாரில் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான், பாவம். “கை… கை பரவாயில்ல. கால் வேண்டாம்.”

“கேட்டுக்கிட்டியா அக்கா? கை போகலாம், பன்னி போகக் கூடாது.”

“சரி. அப்ப ப்ளோய் அங்க வரட்டும். மாவுக்குத் தடை இருக்காடா?” என்றாள் ஒசீத். கனடாவுக்குள் மாவுக்குத் தடை உண்டா என்று டாரிலுக்குத் தெரியவில்லை. அவள் ப்ளோய்களைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் தள்ளினாள். அல்பேனி இந்த நாட்டிலேயே விழுதைத் தடவிச் சுருட்டி நீட்டினார். ஒசீத் மேசைமேல் குனிந்து, கனடாவுக்குள் தலையை நீட்டி, அவர் கையிலிருந்தே கடித்தாள். இதையும் எழுதிக்கொள்ளட்டும் என்று டாரிலைப் பார்த்தபடியே மென்றாள். டாரில் ஆற்றைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான். எதையாவது எழுதினானா என்று தெரியாது. எனக்கு அவன்மேல் நம்பிக்கை இல்லை.

வெண்ணெய்க்குத் தடை உண்டா என்று யாரும் கேட்கவில்லை. கிண்ணம் கோட்டின் மேலேயே, இரண்டு விரிப்பும் ஒட்டுகிற இடத்தில் இருந்தது. இரண்டு பேரும் அதிலிருந்து வழித்துக்கொண்டார்கள். அவள் மகன் வீட்டில் தனக்கு ஒதுக்கிய அறையைப் பற்றிச் சொன்னாள். ஜன்னலைத் திறந்தால் ஒரு கார் நிறுத்தம்தான் தெரியுமாம், ஆறு கிடையாது. அவர் முழங்கால் வலியைப் பற்றிச் சொன்னார். அப்பாவின் துப்பாக்கியை யார் விற்றது என்று பழைய சண்டை ஒன்றை இருவரும் எடுத்துப் போட்டு, கொஞ்ச நேரம் நன்றாகச் சண்டை போட்டார்கள். பிறகு அவள் கையை நீட்டினாள். அவர் பிடித்துக்கொண்டார். பாலத்துக்கு அடியில் குழாயில் கூழ் ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் பக்க முனையில் கார்க் கதவுகள் திறக்கும் சத்தம் கேட்டது.

“சூப்பு முடிஞ்சுருச்சு” என்றாள் ஒசீத். எழுந்திருக்க அவளுக்கு நேரமாயிற்று. மேசையைச் சுற்றிப் போய்த் தூக்கிவிட அல்பேனியின் கால் துடித்தது. துடித்த காலை அவர் அழுத்தி வைத்துக்கொண்டார். டாரில்தான் அவள் முழங்கையைப் பிடித்து எழுப்பினான்.

“வர்றேன்டா” என்றாள். இந்த ஊரில் போகும்போது எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். கூடையை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை, நீங்களே சொல்லிக்கொள்ளலாம். பெரிய மனிதர்கள் வந்தார்கள். நாற்காலி சூடாக இருப்பதாக யாரும் கவனிக்கவில்லை. “இந்த ஆறு நம்மைப் பிரிக்கவில்லை, இணைக்கிறது” என்று எங்கள் அமைச்சர் சொன்னார். “நமக்கிடையே இருப்பது எல்லை அல்ல, ஒரு கைகுலுக்கல்” என்று வாஷிங்டன்காரர் சொன்னார். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில், கரையோர மக்கள் வந்துபோகும் சிரமங்களை ஆராய ஒரு குழு, வசதியான ஒரு தேதியில், கூடும் என்று ஒரு வரி இருந்தது. கை தட்டினார்கள். பட்டாசு வெடித்தார்கள். அல்பேனி மேசையை மடக்கினார். கீல் அவர் விரலை நசுக்கியது.

ஒசீத் பனி விழுவதற்கு முன்பே போய்விட்டாள். பிப்ரவரியில் சவப்பெட்டியில் திரும்பி வந்தாள். டிக்கி மில்ஸ் கோவிலில் அடக்கப் பூசை. அல்பேனி அவசர அனுமதி கேட்டு மனுப் போட்டார்; மேயர்கள் இருவரும் சிபாரிசுக் கடிதம் கொடுத்தார்கள், ஒருவரை விஞ்சி ஒருவர் மரியாதையாக. பதில் வரவில்லை. பூசை அன்று அவர் கொல்லையில் பனியில் நின்று அக்கரை மணி அடிப்பதைக் கேட்டார். அந்த நேரம் ஆலை ஏதோ பழுதென்று நின்றிருந்தது. அதனால்தான் கேட்டது. இல்லாவிட்டால் அதுவும் இல்லை.

பனி உருகியபின் பதில் வந்தது. அவருடைய விண்ணப்பம் கவனத்தில் கொள்ளப்பட்டதாம். அவருடைய பொறுமைக்கு நன்றியாம். கூடவே வழவழப்பான ஒரு புத்தகம்: இரு நாட்டு ஒத்துழைப்பின் புதிய அத்தியாயம். அட்டையில் பாலத்து நடுவில் மேசை. இரு பக்கமும் பெரிய மனிதர்கள், கையில் பேனா, முகத்தில் சிரிப்பு. அவர்கள் கைகளுக்குக் கீழே, இரண்டு விரிப்பும் ஒட்டும் இடத்தில், வட்டமாக ஒரு வெண்ணெய்க் கறை.

அல்பேனி கத்தரிக்கோல் எடுத்தார்.

ஒரு நாள் ரெனால்ட் ஏதோ வேலையாக அவருடைய அறைக்கு வந்தபோது, சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த, விரிப்பும் கறையும் மட்டும் தெரியும் அந்தச் சின்னக் காகிதத் துண்டை உற்றுப் பார்த்தார். “விழாப் படம் மாதிரி இருக்கே. அமைச்சருங்க தலையெல்லாம் எங்கய்யா?”

“அடுப்புல” என்றார் அல்பேனி.

“அப்ப இது என்ன?”

“அது எங்க அக்கா” என்றார். ஏணியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.